ஆமென் சொன்ன பின்பு



பிழைப்பைத் தேடி மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் குடியேறிய நமக்கு, நெடுஞ்சாலை உணவகங்கள் புதியவை அல்ல. அங்கும் நாம் தலைகுனிந்து ஸ்தோத்திரம் செலுத்தியே உண்கிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் ஆமென் சொன்ன பின்பு நாம் பேசுவது என்ன? அதைச் சிந்திக்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு புனேயிலிருந்து பெங்களூருக்கு 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் குடும்பமாய்ப் பயணம் செய்தோம். கோலாப்பூருக்கு அருகில் ஓர் உணவகத்தில் இறங்கினோம். பல ஊர்களில் ஒரே பெயர்ப்பலகையோடு கிளை பரப்பிய நிறுவனம் அது. இட்லி ஆறியிருந்தது; சாம்பாரில் வெல்லம் மிஞ்சியிருந்தது. எறிந்துவிடும் அளவுக்குக் கெட்டதுமல்ல, புகழும் அளவுக்கு நல்லதுமல்ல.

இப்படிப்பட்ட உணவகங்கள் பலவற்றில் மாவும் மசாலாவும் ஒரு பொதுச் சமையற்கூடத்தில் ஆயத்தமாகி, வண்டியில் கிளைகளுக்கு வருகின்றன. கிளையில் அவற்றை அளவுப்படி வேகவைத்தோ சூடாக்கியோ கொடுக்கிறார்கள். எங்கும் ஒரே ருசி என்பதே அவர்கள் வியாபாரம். பரிமாறுகிற பிள்ளைக்கு அதில் ஒரு கல் உப்பைக் கூட்டவும் அதிகாரமில்லை.

அடுத்த மேஜையில் ஒரு தமிழ்க் குடும்பம் சத்தமாய் ஜெபித்தது. கேட்டு மகிழ்ந்தோம். ஜெபம் முடிந்த மறுநிமிடமே, சாம்பார் ஆறிப்போயிற்று என்று குடும்பத் தலைவர் பரிமாறிய வாலிபனை இந்தியில் கடிந்து திட்டினார். அவன் தலைகுனிந்து நின்றான். பின்பு எங்கள் மேஜைக்கு வந்தபோது, "எந்த ஊர் தம்பி?" என்று விசாரித்தேன். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டம் என்றான். சற்றுத் தயங்கி, "அவர்கள் கண்களை மூடி யாரிடம் வேண்டிக்கொண்டார்கள்?" என்று கேட்டான். இயேசுவின் நாமத்தைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனான்.

பிரியமானவர்களே, நம் தகப்பன்மாரில் அநேகர் பம்பாய்க்கு வந்த புதிதில் ஓட்டலில் மேஜை துடைத்தவர்கள் அல்லவா? பாஷை தெரியாத ஊரில் அவர்கள் கேட்ட வசைச்சொற்களை நாம் மறக்கலாமோ?

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். புயலில் 14 நாட்கள் அலைக்கழிக்கப்பட்ட கப்பலில் 276 பேர் இருந்தார்கள். கைதியாகிய பவுல் எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து, தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்திப் புசித்தார். அப்பத்தின் ருசி அங்கே எழுதப்படவில்லை. மற்றவர்கள் திடமனதடைந்தார்கள் என்பது எழுதப்பட்டிருக்கிறது. ஸ்தோத்திரம் ருசிக்காக அல்ல, போஷிக்கிறவருக்காகவே செலுத்தப்படுகிறது. சுற்றியிருப்பவர்கள் அதைக் கவனிக்கிறார்கள்.

குறையைச் சொல்லவே கூடாதென்பதல்ல. ஆறிய உணவை மாற்றித் தரும்படி தாழ்மையாய்க் கேளுங்கள். பெரிய குறையை மேலாளரிடம் சொல்லுங்கள். ரசீதில் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. ஆகவே அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பரிமாறியவர் கையிலே அன்பாய்க் கொடுங்கள்; அவர் பெயரைக் கேட்டு, ஒரு நல்வார்த்தை சொல்லுங்கள்.

நம் சபைக்கு ஒருபோதும் வராதவர்களும் நம் உணவு மேஜையைக் காண்கிறார்கள். அவர்கள் கேட்கிற முதல் பிரசங்கம் அதுவாயிருக்கலாம். நம் ஜெபத்தையும் அதன்பின் வரும் வார்த்தைகளையும் ஒன்றாக்க, கர்த்தர் தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.