சும்மா போய் வரும் கரண்டும் பாபநாசத்து அரிசி மில்லும்

தை, மாசியில் பாபநாசம் பக்கம் போனால் பஸ் ஜன்னல் வழியாகவே புழுங்கல் வாசனை வரும். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிற நெல் ஊர். திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்னமும் நிற்கிறது. அதற்கு மோட்டார் தேவைப்படவில்லை. இன்றைய மில்லில் எலிவேட்டர், ஷெல்லர், பாலிஷர், புளோயர் எல்லாமே மோட்டார்தான். அநேகமாக எல்லாமே இன்டக்‌ஷன் மோட்டார்.

இப்படி ஒரு மில்காரருக்கு ஈ.பி. பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யூனிட் கணக்கு சரியாக இருக்கிறது. கீழே ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: பவர் பாக்டர் குறைவுக்கான ஈட்டுத்தொகை. "ஓடின யூனிட்டுக்குத்தான் காசு கட்டியாச்சே, இது எதுக்கு?" என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான்.

இன்டக்‌ஷன் மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு வெளியிலிருந்து ஒயர் எதுவும் போவதில்லை. வெளிக்கூட்டில் சுற்றியிருக்கும் காயில் ஒரு சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதுதான் உள்ளே மின்னோட்டத்தைத் தூண்டி ரோட்டாரை இழுத்துச் சுற்றுகிறது. 1880களில் டெஸ்லாவும் இத்தாலியில் பெராரிஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்த விஷயம். பிரஷ் கிடையாது, தேய்மானம் குறைவு, உமித்தூசியிலும் ஓடும். ஆனால் நடுவில் இருக்கும் காற்று இடைவெளியைத் தாண்டி காந்தப்புலத்தை நிறுத்த தனியாகக் கொஞ்சம் கரண்ட் வேண்டும்.

இந்தக் கரண்ட் நெல் குத்தாது. கைமாத்து மாதிரி. மோட்டார் அதை வாங்கும், உடனே திருப்பிக் கொடுக்கும், மறுபடி வாங்கும். ஒரு பேஸில் மட்டும் பார்த்தால் ஒரு வினாடிக்கு 100 தடவை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. வட்டி இல்லாத கடன்தான், ஆனால் போகவர வழிச்செலவு உண்டு. அந்தச் செலவு ஒயரும் டிரான்ஸ்பார்மரும் சூடாவதில் போகிறது. மொத்தமாகப் போய்வருவதில் எத்தனை பங்கு நிஜ வேலை செய்கிறது என்பதுதான் பவர் பாக்டர்.

முழு லோடில் ஓடும் நல்ல மோட்டாருக்கு இது 0.85 போல இருக்கும். வம்பு எங்கே என்றால், காந்தப்புலத்துக்கான கரண்ட் லோடு குறைந்தாலும் பெரிதாகக் குறையாது. நெல் வராமல் வெறுமனே சுற்றும்போது 0.2 அளவுக்குக்கூட இறங்கிவிடும். 10 குதிரைத்திறன் போதுமான இடத்தில் "இருக்கட்டுமே" என்று 20 வைப்பது நம் ஊர் பழக்கம். அதன் விலை இங்கே தெரியும்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012 கட்டண ஆணைப்படி தாழ்வழுத்தத் தொழிற்சாலை இணைப்புக்கு வரம்பு 0.85. அதற்குக் கீழே 0.75 வரை, குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் மின் நுகர்வுக் கட்டணத்தில் 1 சதவீதம். 0.78 என்றால் 7 சதவீதம். 40,000 ரூபாய்க்கு 2,800 ரூபாய் தண்டம்.

மருந்து கெபாசிட்டர். மோட்டார் வாங்கும் நேரத்தில் இது கொடுக்கும், மோட்டார் கொடுக்கும் நேரத்தில் இது வாங்கிக்கொள்ளும். கைமாத்து பக்கத்து வீட்டிலேயே கிடைத்துவிட்டால் சப்ஸ்டேஷன் வரை எதற்குப் போக வேண்டும்? 415 வோல்ட்டில் 50 கிலோவாட் எடுக்கும் மில் 0.78-ல் சுமார் 89 ஆம்பியர் இழுக்கும். 25 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் போட்டால் 0.95-ஐத் தொட்டு 73 ஆம்பியருக்கு வந்துவிடும். ஒயர் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. (மோட்டாரை நிறுத்தும்போது கெபாசிட்டரையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வோல்டேஜ் ஏறித் தொல்லை தரும். அப்புறம், வீட்டு பில்லைப் பாதியாக்கும் என்று விற்கிற சின்னப் பெட்டியை வாங்கி ஏமாறாதீர்கள். வீட்டு இணைப்புக்கு இந்தத் தண்டமே கிடையாது.)

மில்லுக்குத் தண்டம் உண்டு, அதனால் கெபாசிட்டரும் வந்துவிடும். வயலில் கதை வேறு. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. பில் இல்லை, தண்டமும் இல்லை, கெபாசிட்டர் வாங்க யாருக்கும் காரணமும் இல்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காத வருஷங்களில் குறுவைக்கு பில்டர் பாயின்ட்டையே நம்பியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுகிறார்கள். அத்தனை மோட்டாரின் கைமாத்தும் ஒரே லைனில் ஓடுகிறது. லைனின் கடைக்கோடியில் வோல்டேஜ் விழுகிறது. விழுந்த வோல்டேஜில் அதே தண்ணீரை இறைக்க மோட்டார் இன்னும் அதிகக் கரண்டை இழுக்கிறது, வோல்டேஜ் இன்னும் விழுகிறது. கடைசி வயல்காரர் காயில் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ரீவைண்டிங் கடைக்குப் போகிறார். அங்கே அவருக்கு முன்னால் நாலு மோட்டார் வரிசையில் இருக்கும். நாற்றங்காலோ தண்ணீருக்குக் காத்திருக்கும்.