மாடியில் ஒரு களாச்செடி

பேக்கரியில் கேக்கின்மேல் சிவப்பாக மினுங்கும் ‘செர்ரி’யை உங்கள் பிள்ளைகள் விரும்பி உண்பதைக் கண்டிருப்பீர்கள். பல வேளைகளில் அது செர்ரிப் பழமே அன்று. நம் ஊர்க் களாக்காயே. விதை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சாயமேற்றி விற்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து, நீலசந்திராவின் நெருக்கமான வீதிகளில் குடியேறிய நமக்கு இச்செடி அந்நியமானதல்ல. அது கரட்டு நிலங்களில் தானாக முளைத்தது. ஆடுமாடு நுழையாதபடி வேலியாகவும் நின்றது. நம் பிள்ளைகளோ அதன் பெயரையும் அறியார்கள். காயைப் பறிக்கும் பருவத்தையும் ஊறுகாய் போடும் பக்குவத்தையும் அறிந்த தாய்மார் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வீட்டிற்கு ஒரு செடியாவது வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

“நிலம் எங்கே?” என்று கேட்பீர்கள். எனக்கும் நிலமில்லை. வாடகை வீட்டு மாடியில், பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் வளர்க்கிறேன். இரண்டு முறை வீடு மாறினோம். செடியும் சாமான்களோடு டெம்போவில் ஏறி வந்தது.

வளர்ப்பது எளிது. டிரம்மின் அடியில் துளையிட்டு, செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். நாள் முழுவதும் வெயில் படும் இடமே ஏற்றது. மேல்மண் காய்ந்தபின் நீர் ஊற்றினால் போதும். நீர் தேங்கினால் வேர் அழுகும். முட்கள் கூர்மையானவை; ஆகையால் துணிக்கொடிக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்திற்கும் விலக்கி வையுங்கள். அறுவடை முடிந்ததும் கிளைகளை வெட்டிவிட்டால் செடி அடக்கமாக நிற்கும். விதையிலிருந்து வளர்ந்த செடி காய்க்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் செல்லும்; பொறுமை வேண்டும்.

கோடை தொடங்குகையில் மல்லிகையைப் போன்ற வெண்ணிற மலர்கள் மணம் வீசும்; தேனீக்கள் தேடி வரும். பின்பு இளஞ்சிவப்பு ஓடிய பச்சைக் காய்கள் திரளும். ஊறுகாய்க்கு ஏற்றவை இவையே. நறுக்குகையில் பால் வடிந்து ஒட்டும்; கையில் சிறிது எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அவை கருஞ்சிவப்பாகப் பழுக்கும். பழத்தில் பெக்டின் மிகுதியாதலால் ஜாம் எளிதில் இறுகும். சென்ற ஆண்டு என் மாமியார் எங்கள் மகளை அருகில் அமர்த்தி, உப்பும் மிளகாயும் அளந்து போடக் கற்றுக்கொடுத்தார்கள். கடைச் சீசாவில் இந்தப் பாடம் கிடைக்குமோ?

கன்னடத்தில் இதனைக் கவளிக்காய் என்பார்கள். அப்பெயரைச் சொல்லி நாற்றுப்பண்ணைகளில் விசாரியுங்கள். ஊருக்குச் சென்று பழம் கொண்டுவந்தால் விதையை எறிந்துவிடாதீர்கள். அது விரைவில் முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே கழுவிய அன்றே ஊன்றுங்கள்.