எதுல விட்டேன்?

படுத்த பிறகுதான் மனசு வேலையை ஆரம்பிக்கிறது. பதில் போடாத கடிதம், அலுவலகத்தில் பாதியில் நின்ற பேச்சு, கட்ட வேண்டிய தவணை, பையனின் இருமல் எல்லாம் விளக்கை அணைத்ததும் வந்து நிற்கின்றன. மூச்சைக் கவனி என்கிறார்கள், கவனிக்கிறேன். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். எண்ணிக்கொண்டே நாளைக்குப் பேச வேண்டியதையும் ஒத்திகை பார்த்துவிடுகிறது மனசு. அப்போதெல்லாம் அம்பாசமுத்திரத்து வீட்டு மொட்டை மாடிக்கு, எங்கள் பேச்சில் தட்டட்டிக்கு, போய்ப் படுத்துவிட வேண்டும் என்று அடித்துக்கொள்கிறது.

சித்திரை, வைகாசியில் அங்கே வீட்டுக்குள் யாரும் படுக்க மாட்டோம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் பொழுது சாய்ந்தும் கொதிக்கும். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கொட்டுவோம். உஸ்ஸென்று இழுத்துக்கொள்ளும், மறுபடி கொட்டுவோம். இருட்டுவதற்குள் பாய் விரிக்கிற பதம் வந்துவிடும். பத்தமடைக் கோரைப்பாய். கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்து வாங்கும் பட்டுப்பாய் இல்லை, அன்றாடத்துக்கான முரட்டுப் பாய். வேர்வையை உறிஞ்சும், முதுகுக்கு அடியில் காற்று ஓடும். உடம்பின் உள்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் பிடிக்கிறது என்று மருத்துவர்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குடங்களை நினைத்துக்கொள்கிறேன்.

மேலே சுவாதி. தென்கிழக்கில் தேள் ஏறி வரும், அதன் நெஞ்சில் செக்கச்செவேலென்று கேட்டை. தெற்கே தென்னைகளுக்கு மேல் திரிசங்கின் நாலு மீன்கள். ஆச்சி ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டிவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கதைக்கு வருவாள். பெரும்பாலும் முத்துப்பட்டன் கதை. எங்கள் மலையின் கதை அது. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறவன் அவன். ஆடி அமாவாசைக்கு அங்கே செருப்பைக் காணிக்கை வைப்பார்கள். பிராமணப் பையன், அருந்ததியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்காளும் திம்மக்காளும் பாடுகிற பாட்டைக் கேட்டு மயங்கிப் பின்னாலேயே போகிறான். அவர்களுடைய அப்பா வாலப்பகடையிடம் போய்ப் பெண் கேட்கிறான். குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைத்துக் காட்டு என்கிறார் அவர். எல்லாவற்றையும் செய்கிறான் பட்டன்.

கேட்கிறவன் ‘உம்’ கொட்ட வேண்டும். அதுதான் சட்டம். உம் நின்றால் கதை நிற்கும். சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று வரிசையாகப் படுத்திருப்போம். சரியான இடத்தில் உம் விழ வேண்டுமென்றால் கதையோடு கூடவே நடக்க வேண்டும். வாத்தியார் அடித்த அடி, தொலைத்துவிட்டு வீட்டில் சொல்லாத பேனா எதற்கும் அந்த நடையில் இடம் கிடையாது. அதற்காகத் தூக்கத்தைக் கெடுக்கிற பரபரப்பும் கதையில் இருக்காது. தெரிந்த மலை, தெரிந்த ஆறு, தெரிந்த குரல். உம் மெலிந்துகொண்டே வரும். ‘ஏல, உம் கொட்டுதியா, ஒறங்கிட்டியா?’ என்று ஒரு தரம் கேட்பாள். பதில் வராவிட்டால் அத்தோடு சரி.

மறுநாள் ராத்திரி பாயில் வந்து உட்கார்ந்ததும், ‘எதுல விட்டேன்?’ என்பாள். ஆளுக்கு ஒரு இடம் சொல்வோம். எல்லாரிலும் முந்தி உறங்கினவன் எங்கே விட்டானோ அங்கிருந்துதான் ஆச்சி தொடங்குவாள். அதனால் யாருக்கும் ஒரு வரிகூட நஷ்டமாகாது. உறங்கினால் எதையோ இழந்துவிடுவோம் என்ற பயமே எங்களுக்கு இருந்ததில்லை. இன்றைக்கு எனக்குப் போய்விட்டது அந்த நிம்மதிதான் என்று தோன்றுகிறது.

புளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் பெர்லினில் செய்த சோதனைகளை வைத்து 1927-ல் எழுதினார்: முடித்த வேலையைவிடப் பாதியில் விட்ட வேலைதான் மனத்தில் அதிகம் தங்குகிறது. படுக்கையில் நம்மைக் குடைவது பெரும்பாலும் இந்தப் பாதிகள்தான். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஸ்கல்லினும் கூட்டாளிகளும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 57 இளைஞர்களை ஆய்வகத்தில் தூங்க வைத்தார்கள். படுக்குமுன் 5 நிமிடம், பாதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மீதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். நாளைய கவலையை முன்கூட்டியே கிளறினால் தூக்கம் போய்விடும் என்றுதான் நாம் நினைப்போம். எழுதி வைத்தால் காகிதம் அதைப் பிடித்துக்கொள்கிறது, நாம் விட்டுவிடலாம்.

நானும் எழுதுகிறேன். தலைமாட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. யாருக்கு என்ன பதில், எந்தத் தேதிக்கு எவ்வளவு பணம் என்று எழுதி மூடினால் இரைச்சல் கொஞ்சம் அடங்கத்தான் செய்கிறது. தூக்கம் வராமல் புரளுகிற நண்பர்களுக்கும் அதையே சொல்கிறேன். ஆனால் நான் விட்ட இடத்தை நினைவு வைத்துக்கொண்டு, நாளை ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து அங்கிருந்தே தொடங்க நோட்டுக்குத் தெரியாது. இங்கே எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடி உண்டு, பூட்டித்தான் இருக்கிறது. பூட்டைத் திறந்தாலும் கதை சொல்ல ஆள் வேண்டுமே.

கடைக்குட்டித் தம்பிதான் எப்போதும் முதலில் உறங்குவான். அவனுக்காகத் திரும்பித் திரும்பிப் பின்னால் போனதில் முத்துப்பட்டன் கதை எங்கள் தட்டட்டியில் கல்யாணத்தைத் தாண்டியதே இல்லை. அதற்குள் ஜூன் வந்துவிடும், பள்ளிக்கூடம் திறந்துவிடும், அவரவர் ஊருக்குப் போய்விடுவோம். கல்யாண ராத்திரியிலேயே மாடுகளைக் களவு கொண்டுபோனவர்களைத் தேடிப் பட்டன் போனதையும், சண்டையில் ஜெயித்துவிட்டு ஓடையில் ரத்தம் கழுவும்போது ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்தியதையும் வளர்ந்த பிறகு புத்தகத்தில்தான் படித்தேன். ஆச்சி அப்போது இல்லை. பட்டன் சாகிற இடத்தை அவள் எப்படிச் சொல்லியிருப்பாள், அங்கே அவள் குரல் எப்படி இருந்திருக்கும் என்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது.