அடிமரத்தில் ஈரம் படாமல்

திருவாலங்காட்டுக்கு வெளியே எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் தாத்தா இரண்டு வட்டம் போட்டிருந்தார். உள்வட்டத்தில் அடிமரத்தை ஒட்டி மண் அணைத்த மேடு. தண்ணீர் வெளிவட்டத்தில் மட்டும் ஓடும். மடை மாற்றுவது பிள்ளைகள் வேலை. கரை உடைந்து தண்ணீர் உள்ளே புகுந்தால் வரப்பிலிருந்தே சத்தம் வரும்: "நைனா, மரம் முழங்காலாலயா குடிக்குது? வேரு எங்க இருக்குது பாரு!"

அடியில் ஈரம் நின்றால் பட்டை வெடித்துப் பிசின் வடியும். பைட்டோப்தோரா என்று ஒன்று மண்ணிலிருந்து ஏறிப் பட்டையை அழுகவைக்கிறது என்று கல்லூரியில் படித்தேன். தாத்தாவுக்கு அது "மரம் அழுவுது", அவ்வளவுதான். நல்ல பட்டை தெரியும்வரை கத்தியால் சுரண்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவார். நீல நிறத்தில் கட்டுப்போட்ட மாதிரி மரங்கள் நிற்கும்.

எங்களுக்குப் பிடித்த வேலை புழு பொறுக்குவது. தளிரில் காக்கை எச்சம் போல ஒட்டியிருக்கும். வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டும். அந்த நாற்றம் சோப்புக்கும் போகாது. கொட்டாங்கச்சி நிறைந்தால் பாட்டி பொரி உருண்டை தருவாள். ஒன்றிரண்டைத் தீப்பெட்டியில் ஒளித்து, இலை போட்டு வளர்த்து, வண்ணத்துப்பூச்சியாக்கிப் பறக்கவிட்டிருக்கிறோம். அது மறுபடி நம் மரத்தில்தானே முட்டையிடும் என்று யார் யோசித்தார்கள்!

1960 ஏப்ரல் 1 வரை எங்கள் திருத்தணிப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனாலோ என்னவோ, தாத்தா மரங்களைத் தெலுங்கில் கொஞ்சித் தமிழில் திட்டுவார். விதையும் ஆந்திரத்துக் கூடூர்ப் பக்கத்துப் பழத்திலிருந்து வந்தது. ஒரே விதையில் இரண்டு மூன்று முளை எழும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் அச்சு. நோஞ்சானையும் இலை மாறிய முளையையும் பிடுங்கிப்போட்டு, திடமான ஒன்றை விடுவார்.

ஆடி பிறந்தால் அம்மனுக்கு மாலை, திருத்தணிக்குக் காவடி என்று எலுமிச்சை கேட்டு வருவார்கள். ஆனால் காய் குவிவதும் அதையொட்டித்தான். கோடையில் கிடைக்கும் விலை ஆடியில் ஏது? கோடையில் பழம் வேண்டுமென்றால் ஆவணி, புரட்டாசியில் பூக்க வேண்டும்; அதற்கு முன் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிட வேண்டும். இலை சுருளச் சுருளத் தாத்தா மடையைக் கட்டிவைத்துக் காத்திருப்பார். எங்கள் பக்கம் அந்த மாதங்களில் மழையும் பெய்துவிடும். மழை வந்தால் வாட்டமும் போச்சு. சாரலோடு சொறிநோய் பரவிக் காயெல்லாம் தழும்பு. தழும்பு விழுந்த காயை வியாபாரி கையால் தொடமாட்டார். ஊறுகாய்க்குப் போகும். வீட்டில் ஜாடி நிறையும்.

போன மாதம் மாமா பேரன் போன் செய்தான். ஊரில் வெண்ணெய்ப்பழம் வைக்கப்போகிறானாம். கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் ஒன்றையும் விசாரித்துவைத்திருக்கிறான். அது காபித் தோட்டத்து நிழலில், சரிவு மண்ணில் வளர்கிற மரம். எலுமிச்சையை அழவைத்ததன் பங்காளி ஒன்று அதற்கும் உண்டு. அது அடிப்பட்டையோடு நிற்காமல் உறிஞ்சும் வேரையே அழுகவைக்கும். "முதலில் மேடு போடுடா, அப்புறம் செடி வாங்கு" என்றேன். போட்டுவிட்டானாம். திருத்தணி வெயிலுக்கு என்ன செய்யப்போகிறான் என்றுதான் இன்னும் சொல்லவில்லை.