தேங்கித் தெளியும் நீர்

ஓடும் நீர் தூயது, தேங்கிய நீர் தீயது என்பது நம்மவர் உள்ளத்தில் வேரூன்றிய எண்ணம். பச்சை படர்ந்த குட்டையைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் செல்கின்றோம். ஆயினும், தேங்கி நிற்பதனாலேயே தூய்மை அடையும் நீரும் உண்டு.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் வட டக்கோட்டா மாகாணத்தில், பரந்த சமவெளியின் நடுவே பெசென்டன் என்றொரு சிற்றூர் உளது. 1928-ஆம் ஆண்டில் அவ்வூரார் தம் இல்லங்களின் கழிவுநீரை வெளியேற்ற முற்பட்டபோது, அதனைக் கொண்டு சேர்க்க அருகில் ஓர் ஆறும் இல்லை. ஆதலின் ஊர்ப்புறத்தே இயற்கையாய் அமைந்த பள்ளமொன்றில் அதனை விட்டனர். சில திங்கள் கழிந்து நோக்கியபோது, பொருள் செலவிட்டு அமைத்த நிலையங்களிலிருந்து வரும் நீருக்கு ஏறக்குறைய நிகராக அப்பள்ளத்து நீர் தெளிந்திருந்தது. அம்மாகாணத்திலேயே மேடக் என்னும் சிற்றூரில் 1948-ஆம் ஆண்டில் இம்முறையை ஆய்ந்து, திட்டமிட்டே ஒரு குளம் அமைத்தனர்.

இவ்விந்தையைச் செய்வோர் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்களே. கனத்த கசடு அடியிற் படிய, காற்றுப் புகாத அச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை மெல்லச் சிதைக்கின்றன. மேல்நீரில் வாழ்வனவோ பிராணவாயுவின் துணைகொண்டு கழிவை உண்டு, கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. அதனைப் பாசி ஏற்று, ஞாயிற்றின் ஒளியால் வளர்ந்து, பிராணவாயுவைத் திரும்ப அளிக்கின்றது. நாம் அருவருக்கும் அப்பச்சையே குளத்தின் மூச்சு. ஒளியும் காற்றும் நன்கு பரவும்பொருட்டு, இத்தகைய குளங்களைப் பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் ஆழமே வெட்டுவர். ஒன்றன்பின் ஒன்றாகச் சில குளங்கள் அமைப்பின், நோய்க்கிருமிகள் பல வெயிலாலும் நாட்பட நிற்றலாலும் மடியும். குடற்புழுக்களின் முட்டைகள் அடியில் தங்கிவிடும்.

எனினும், வெட்டியதோடு வேலை முடிந்ததென்று எண்ணுதல் கூடாது. வட டக்கோட்டாவின் குளிர்காலத்தில் பனிக்கட்டி குளத்தை மூட, பாசி தன் தொழிலை நிறுத்தும். அப்பொழுது மதகைத் திறவாது பல திங்கள் நீரைத் தேக்கி வைப்பர். பனி உருகுங்கால் சின்னாள் நாற்றம் எழும். பாசி மீண்டும் தழைக்க அது அகலும். கரையிற் புல் மண்டினால் கொசு பெருகும்; அடித்தளம் இறுகாவிடின் நிலத்தடி நீர் கெடும். பல்லாண்டுகட்கு ஒருமுறை சேற்றை அகற்றலும் வேண்டும்.

இச்செய்தியைப் படித்தபோது என் நினைவு எம் ஊர்க் கால்வாயை நாடிற்று. எம் ஊர் கடைமடையில் உள்ளது. மேலேயுள்ள ஊரொன்று தன் சாக்கடையைக் கால்வாயில் விட்டு, தன் தெருக்கள் தூய்மையுற்றன என மகிழ்ந்தது. அதன்பின் என் பாட்டியார் படித்துறையில் நீர் முகத்தலை விட்டொழித்து, வயல்கட்கு அப்பாலிருந்த கிணற்றுக்குக் குடம் சுமந்து நடந்தார். “தண்ணீர் பள்ளத்துக்குப் போவது இயல்பு, நம் அழுக்கையுமா அதன் தலையில் ஏற்றி அனுப்புவது?” என்று அவர் ஒருமுறை கேட்டார். அதற்கு விடை கூற எங்களுள் எவரும் இலர்.

பெசென்டன் ஊரார்க்கு ஆறு இல்லாமை ஒரு குறையாகவே தோன்றியிருக்கும். ஆனால் அக்குறையன்றோ தம் அழுக்கைத் தம் எல்லைக்குள்ளேயே நிறுத்தி வைக்கச் செய்தது! ஆறு பெற்ற ஊர்கள் பல, அதனை அயலார் வாயிலுக்கு அனுப்பிவிட்டு மறந்தன. அறிவு குறைந்தமையால் அன்று, அனுப்ப வழி இருந்தமையாலேயே மறந்தன.

நம் கல்லூரியினின்று ஆசிரியராகவும் அலுவலராகவும் ஊர்தோறும் செல்லவிருக்கும் நண்பர்காள்! ஊர்மன்றத்தில் சாக்கடை பற்றிய பேச்சு எழுங்கால், அது எங்கே தொடங்குகின்றது என்று கேட்பார் பலர். எங்கே முடிகின்றது என்று நீங்கள் கேளுங்கள். குளம் வெட்டத் துணியின், அதனை எளியோர் குடியிருப்பின் அருகே தள்ளிவிடாது இடம் தேர்ந்து வெட்டச் செய்யுங்கள். வெட்டிய பின் கரை காக்க ஓர் ஆளும், அவருக்குரிய ஊதியமும் உளவா என்றும் கேளுங்கள்.