மூன்று கந்தையா

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்களை மூடினதும், தாதியர் படிப்பில் இருந்த நாங்கள் மூன்று பேரும் ஸ்கந்தபுரத்துக்கே திரும்பிவிட்டோம். சுகாதாரத் தகவல் தொழில்நுட்பப் பாடம் போனுக்குள் வந்தது. மூடிலில் குறிப்புகள், சூமில் விரிவுரை. லேர்ன் வலையமைப்பு வழியாக நடந்த வகுப்புகளுக்கு டேட்டா காசு போகாது. அது பெரிய உதவி. சிக்னலுக்குத்தான் வேலியோரமாக அலைந்தோம்.

பாடம் பிடிச்சும் இருந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில், கொரோனாவுக்காக வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கண்காணிக்க டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளில் இலங்கையில் ஒரு பதிவுமுறை செய்தார்கள். பிறகு வேறு நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. "எங்கட நாட்டிலயா?" என்று பெருமைப்பட்டோம். தரவின் தரம் பற்றிய கேள்விக்கு மூன்று பேருக்குமே நல்ல புள்ளி.

பிறகு வாட்டுப் பயிற்சி. ஒரு ஐயா வந்தார். பெயர் கந்தையா என்று வைத்துக்கொள்ளுங்கள். கொம்பியூட்டரில் தேடினோம், இல்லை. புதிதாகப் பதிந்தோம். கொஞ்ச நேரத்தில் வாட்டுச் சிஸ்டர் அவருடைய கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. ஏன் பதியேல்லை?"

அந்த விவரம் பழைய பதிவில் இருந்தது. அதில் பெயருக்கு 'டி'. நாங்கள் தட்டினது 'ரி எச்'. ஒரே மனிசன், இரண்டு நோயாளி.

ஐயா கொப்பியை வாங்கிச் சொப்பின் பைக்குள் சுற்றி வைத்தார். "பிள்ளையள், 2009இல எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள். இதையும் துலைச்சா எனக்கு என்ன வருத்தமெண்டு சொல்ல ஒரு துண்டும் இல்லை."

பெயரின் எழுத்து மாறினாலும் தனிநபர் சுகாதார இலக்கம் மாறாது. அதையும் படித்துத்தான் இருந்தோம். வாயைத் திறந்து கேட்கிற பழக்கம்தான் வரவில்லை.

கலப்புமுறைக் கற்றல் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. அது இல்லாவிட்டால் அந்த வருசம் எங்களுக்குப் படிப்பே இல்லை. விளக்கம் போனில் வரட்டும். ஆனால் நேரே சந்திக்கிற அந்தக் கொஞ்ச மணித்தியாலத்தையும் ஸ்லைட்டுக்கே கொடுக்கக்கூடாது.

இப்ப தம்பி, தங்கச்சிமார் பாடம் கேட்டு வந்தால் முதலில் ஒன்று செய்விப்போம். ஒருவர் திரையை மற்றவர் பார்க்காமல், கந்தையா என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டச் சொல்லுவோம். மூன்று பேர் இருந்தால் பெரும்பாலும் மூன்று கந்தையா வருவார்கள். பாடத்தை அங்கேயிருந்து தொடங்குவோம்.