பொதுச்சுவரும் பகல் உறக்கமும்

இராயபுரத்துப் பழைய வீடுகளின் கிரயப் பத்திரங்களைப் படித்தவர்களுக்குப் 'பொதுச்சுவர்' என்னும் சொல் புதிதன்று. நான்கெல்லை குறிக்குமிடத்தில், இரு வீட்டாருக்கும் பாத்தியப்பட்ட சுவர் என ஒன்றைத் தனியே எழுதியிருப்பார்கள். அதன் நீளம், அகலம், அதன்மேல் உத்திரம் வைக்க யாருக்கு உரிமை, மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்பதெல்லாம் விவரமாக இருக்கும். அச்சுவர் வழியே எது கேட்கலாம், எது கேட்கக் கூடாது என்பது மட்டும் இராது. அக்காலச் சுண்ணாம்புச் சுவர்களின் பருமன் அக்கேள்வியை எழவிட்டதில்லை.

நாங்கள் இப்போது குடியிருப்பது திருவொற்றியூரில், நான்கு மாடி அடுக்ககம் ஒன்றில். எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே இருப்பது நாலரை அங்குலச் சுவர். கொத்தனார் மொழியில் 'நாலரை இஞ்சு'. சுவருக்கு அப்பால் இருப்பவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். சென்னைத் துறைமுகம், 2001இல் இயங்கத் தொடங்கி இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள் இரவு பகலின்றி இயங்கும் கரை இது. ஷிப்டு வேலைக்குப் போகாதவர் இல்லாத தெரு இங்கே அரிது. இரவுப் பணி முடிந்து காலையில் அவர் வந்து படுக்கும்போதுதான் எங்கள் வீட்டில் நாள் தொடங்கும்.

"டீச்சர், உங்க வீட்டு மிக்ஸி ஓடுச்சுன்னா மணி பதினொண்ணுன்னு தெரிஞ்சுக்குவேன். கடிகாரமே வேணாம்" என்று ஒருமுறை மாடிப்படியில் சிரித்தபடியே சொன்னார். காலைப் பதினொரு மணி அவருக்கு நடுநிசி. அவர் மனைவி, "அக்கா, நேத்து ராத்திரி நாங்க பேசிக்கிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்ட நாளும் உண்டு. "இல்லையே" என்றோம். அடுக்ககங்களில் வாழ்வோர் எல்லோரும் அந்த "இல்லையே"யை அறிவர். கேட்டதைக் கேளாததாக வைத்துக்கொள்வது அங்கே அன்றாட நாகரிகம். சுவர் செய்திருக்க வேண்டிய வேலையை மனிதர்களின் நாகரிகம் செய்துகொண்டிருக்கிறது.

சங்கப் பாடல்களை நடத்தும்போது 'சிறைப்புறம்' என்ற சொல்லை விளக்காமல் கடக்க முடியாது. தலைவன் வேலிக்கோ மதிலுக்கோ அப்பால் வந்து நிற்பான். அதை அறிந்த தோழி, தலைவியிடம் சொல்வதுபோல அவன் காதில் விழவேண்டியதைச் சொல்லுவாள். குறுந்தொகை, நற்றிணைத் துறைக்குறிப்புகளில் இச்சூழல் திரும்பத் திரும்ப வரும். அங்கே சொல் சுவரைக் கடப்பது சொல்பவளின் விருப்பத்தால். கேட்பவன் யார் என்பதும், அவன் எவ்வளவு கேட்கலாம் என்பதும் அவள் கையில் இருக்கின்றன. எங்கள் அடுக்ககத்துச் சிறைப்புறத்தில் சொல்பவர்க்கு அந்த உரிமை இல்லை. கேட்பவர்க்கும் கேளாதிருக்கும் உரிமை இல்லை. இதை வகுப்பில் சொன்னபோது, வாரியக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி ஒருவர், பேச்சுப் போட்டிக்கு ஒத்திகை பார்க்கக் கடலோரக் கருங்கல் தடுப்புக்குப் போய்வருவதாகச் சொன்னார். வீட்டில் உரக்கப் பேசினால் மூன்று வீடுகள் கேட்கும் என்றார்.

ஒலி சுவரைக் கடக்கும் வழிகள் மூன்று. முதலாவது, சுவரையே அதிரச் செய்து கடப்பது. இதற்கு மருந்து எடை. சுவரின் எடை இருமடங்கானால் ஏறத்தாழ ஐந்தாறு டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். பத்து டெசிபல் குறைந்தால்தான் சத்தம் பாதியானதாகக் காது உணரும். இரண்டாவது வழி, இடுக்கு. நம் பழைய பின்ன வாய்பாட்டில் 'அரைக்கால்' என்பது எட்டில் ஒன்று. பத்தடி நீளம், பத்தடி உயரமுள்ள சுவரின் உச்சியில், உத்திரத்தைத் தொடுமிடத்தில், அரைக்கால் அங்குல இடுக்கு நீள முழுதும் இருந்தால் அது சுவர்ப்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு போதும். சுவர் எவ்வளவு கனமானாலும் தடுப்பு முப்பது டெசிபலைத் தாண்டாது. முப்பதில் உரத்த பேச்சு சொல் சொல்லாகப் புரியும். நாற்பத்தைந்துக்கு மேல் போனால் முணுமுணுப்பு மட்டுமே எஞ்சும்.

மூன்றாவது வழி, தொடர்பு. மிக்ஸி வைத்திருக்கும் கடப்பைக் கல்லைப் பொதுச்சுவரில் காடி வெட்டிச் செருகியிருப்பார்கள். மிக்ஸியின் அதிர்வு கல்லில் இறங்கி, சுவரில் ஏறி, அடுத்த வீட்டின் கட்டில் தலைமாட்டில் ஒலியாகும். காற்றில் வரும் சத்தத்தைவிட இது பிடிவாதமானது.

அடுத்த வீட்டுக்காரரும் நாங்களும் கலந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை வரவழைத்தோம். முட்டை அட்டை ஒட்டலாம், தெர்மகோல் ஒட்டலாம் என்று யோசனை சொன்னவர்கள் பலர். அவை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம். எடையில்லாத பொருள் அடுத்த வீட்டுக்குப் போகும் ஒலியைத் தடுப்பதில்லை. கொத்தனார் ஏணியில் ஏறி, சுவரின் உச்சியில் பூச்சைத் தட்டினார். உள்ளே கலவை நிரம்பாத இடுக்கு, அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடியது. இரு வீட்டுச் சுவிட்சுப் பெட்டிகளும் சுவரில் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. நடுவே செங்கல்லே இல்லை. இடுக்கில் கலவையைத் திணித்து, ஓரங்களில் இளகும் பசையிட்டு அடைத்தோம். எங்கள் பக்கத்துப் பெட்டியை இடம் மாற்றிப் பழைய குழியை மூடினோம். மிக்ஸி, சுவரைத் தொடாத மேசைக்கு, ரப்பர் விரிப்பின்மேல் போனது. பேச்சு இப்போது குரலாக மட்டுமே வருகிறது, சொற்கள் தெரிவதில்லை. மிக்ஸி கேட்கிறதா என்று கேட்டோம். "கேக்குது டீச்சர், ஆனா எழுப்பல" என்றார் அவர்.

இந்த வேலையை வீடு கட்டும்போதே செய்யவைக்கும் சட்டங்கள் உலகில் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டை ஒப்படைக்குமுன் பொதுச்சுவரைச் சோதிக்க வேண்டும் என்பது பொதுவான கட்டட விதி. ஒரே வகை வீடுகளில் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் குறைந்தது ஒரு தொகுதிச் சோதனை. ஓர் அறையில் ஒலிபெருக்கியில் சீரான இரைச்சலை எழுப்புவார்கள். இரு அறைகளிலும் அளவெடுப்பார்கள். கேட்கும் அறையின் எதிரொலி எத்தனை விநாடி நீடிக்கிறது என்றும் பார்த்துக் கணக்கைச் சரிசெய்வார்கள். புதிய வீட்டுச் சுவர் குறைந்தது 45 டெசிபல் தடுக்க வேண்டும்; பழைய வீட்டைப் பிரித்துக் குடியிருப்பாக்கினால் 43. தாழ்ந்த ஒலிகளைச் சுவர் எளிதில் விட்டுவிடும் என்பதால் அதற்கான கழிவும் இவ்வெண்களில் அடங்கும்.

இலண்டன் ஈஸ்ட்ஹாமில் பழைய வீடொன்றை இரண்டாகப் பிரித்த எங்கள் உறவினர், முதல் சோதனையில் தோற்ற கதையைத் தொலைபேசியில் சொன்னார். கம்பளிபோன்ற கனிமப் பஞ்சு, இரட்டைப் பலகை, பழைய சுவரைத் தொடாத தனிச்சட்டம் எல்லாம் இருந்தும், தரைக்கட்டைகள் சுவரில் நுழையுமிடத்தில் இருந்த இடுக்குகள் காட்டிக்கொடுத்துவிட்டன. அடைத்து, மறுபடி சோதித்து, தேறிய பிறகே ஒப்புதல். "பரீட்சை எழுதினது சுவர், ஃபீசு கட்டினது நான்" என்று சிரித்தார்.

நம்மிடம் அளவுகோல் இல்லாமலில்லை. 1962இலேயே இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 1950), ஒரு வீட்டின் கூடத்துக்கும் அடுத்த வீட்டின் கூடம், படுக்கையறைகளுக்கும் இடையே 50 டெசிபல் தடுப்பைப் பரிந்துரைத்தது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித் தொகுப்பில் ஒலித்தடுப்புக்கென்றே ஒரு பிரிவு உண்டு. இரண்டும் பரிந்துரைகள். கட்டடம் முடிந்தபின் வாங்கும் நிறைவுச் சான்றிதழுக்குச் சுற்றியுள்ள காலியிடம் பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள். சுவரின் ஒலியை யாரும் கேட்டுப்பார்ப்பதில்லை.

கட்டாயமான சட்டம் ஒன்று உண்டு: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என வரம்பு சொல்லும். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை. அந்த நேரத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் கப்பலடியில் கிரேனில் இருக்கிறார். அவர் உறங்கும் நேரத்துக்குச் சட்டத்தில் பகல் என்று பெயர். அண்டை வீட்டார் பகலில் மிக்ஸி ஓட்டுவதை எந்த விதியும் தடுக்க முடியாது, தடுப்பது நியாயமுமன்று. ஆகவே ஷிப்டுத் தொழிலாளியின் உறக்கத்தைக் காக்க எஞ்சியிருப்பது சுவர் ஒன்றுதான்.

வட சென்னையில் சுவரைப் பற்றிப் பேசுபவர் 2021ஐ மறக்க இயலாது. அவ்வாண்டு திசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் வீடுகள் அவை. நிற்கவே தடுமாறும் சுவரிடம் ஒலியைத் தடு என்று கேட்பது ஆடம்பரம் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். மெல்லிய சுவர்தான் மனிதர்களைச் சேர்த்துவைக்கிறது, ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் அடுத்த வீட்டுக்குக் கேட்கிறதே என்றார் இன்னொருவர். இரண்டாமவர் வசிப்பது தனி வீட்டில். ஆபத்துக்கு ஓடிவருபவர்கள் கதவைத் தட்டினாலும் ஓடிவருவார்கள். அதற்காக ஒரு குடும்பம் ஆயுள் முழுதும் தாழ்ந்த குரலில் வாழவேண்டியதில்லை. முதலாமவருக்கு எங்கள் பதில், இடிந்தவற்றுக்கு மாற்றாகச் சுவர்கள் எழும்பும்போது இரண்டையும் சேர்த்தே கேட்கலாம் என்பது. உச்சி இடுக்கில் கலவையை முழுதாக நிரப்பவும், சுவிட்சுப் பெட்டிகளைத் தள்ளி வைக்கவும் கட்டும்போது ஆகும் செலவு மிகக் குறைவு. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில், சாவி கொடுப்பதற்கு முன், ஒலிபெருக்கியும் அளவுமானியும் கொண்டு அரைநாள் சோதித்தால் போதும். தேறாத சுவரை அப்போதே அடைத்துவிடலாம். குடிவந்தபின் அடைக்க வேண்டியிருப்பது வாய்களைத்தான்.